பழைய கணக்கேட்டைப் படிக்கும் முறை: ராமநாதபுரம் கடலோரச் சம்சாரி வீடுகளுக்கு

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையிலான ஊர்களில், பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது, பரணிலிருந்தோ மரப்பெட்டியின் அடியிலிருந்தோ துணியில் சுற்றிய கணக்கேடு ஒன்று வெளிவருவது இன்றும் நடக்கிறது. 1900க்கும் 1930க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட அத்தகைய ஏடுகளில் நெல் விற்ற வரவு, கருப்பட்டி கொடுத்த பற்று, அறுப்புக்கூலி, கைமாற்று, கொழும்பிலிருந்து வந்த மணியார்டர் எல்லாம் அடுத்தடுத்த வரிகளில் கிடக்கும். எழுத்து புரியவில்லை என்ற ஒரே காரணத்தால் அவை எடைக்குப் போடப்படுகின்றன. ஜமீன் பதிவுகளும் கலெக்டர் அலுவலகக் கடிதங்களும் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால், மழை பொய்த்த ஆண்டில் ஒரு சம்சாரி வீடு, அதாவது விவசாயி வீடு, ஆடி மாதத்தை எப்படிக் கடத்தியது என்பதைச் சொல்ல இந்த ஏட்டை விட்டால் வேறு சாட்சி கிடையாது. ஆகவே, கொஞ்சம் பொறுமையுள்ள எவரும் இதைத் தாமே படித்துக்கொள்ளும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏட்டைக் காப்பாற்றுங்கள்

கடலோர உப்புக் காற்றில் ஈரம் ஏறிய காகிதம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அதை வெயிலில் காய வைக்காமல், காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் திறந்து வைத்தால் பெரும்பாலான பக்கங்கள் தாமே பிரியும். பிரியாததை இழுக்க வேண்டாம். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவதும், பக்கங்களை லேமினேஷன் செய்வதும் பிறகு திருத்த முடியாத கேடுகள். அட்டை, வெற்றுப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் காலை வெளிச்சத்தில் வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு, அதன்பின் அந்தப் படங்களைப் பார்த்தே படியுங்கள். பக்கங்களுக்கிடையே துண்டுச் சீட்டு இருந்தால், அது எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கணக்கிற்குரிய ரசீதாகவே இருக்கும்.

எழுத்தும் குறியீடும்

பக்கத்தின் தலைப்பில் 'உ' என்ற பிள்ளையார் சுழி இருக்கலாம், 786 இருக்கலாம், சிலுவைக் குறி இருக்கலாம். மூன்றும் இந்தக் கரையில் வழங்கியவையே. கீழக்கரை போன்ற ஊர்களின் வீடுகளில், அரபு எழுத்தில் தமிழை எழுதும் அர்வி முறையிலும் குறிப்புகள் கிடைக்கும். அவற்றை அரபு மொழி என்று எண்ணி ஒதுக்காமல், ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால், காதில் விழுவது தமிழாகவே இருக்கும்.

தமிழ் எழுத்திலுள்ள ஏடுகளில் மூன்று சிக்கல்களை எதிர்பார்க்கலாம். மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவில் வரும். துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ணா, றா, னா, லை, ளை போன்றவை 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய வடிவில் இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எழுத்தைக் கூட்டிப் படிக்க முயல்வதைவிட, ஏட்டில் அடிக்கடி வரும் ஐந்தாறு சொற்களை, அதாவது நெல், வரவு, பற்று, பாக்கி, கூலி, ஆக என்பவற்றை, முதலில் கண்ணால் பழகிக்கொள்வது வேகமான வழி. அந்தக் கை எழுதும் நகரமும் பகரமும் அங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்தது குறியீடுகள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். இவற்றுள் மிகுதியாக வருவது ௸ என்பதே. மேல் வரியிலுள்ள ஆளையோ ஊரையோ ஆண்டையோ திரும்ப எழுதாமல் இருக்க அது பயன்பட்டது. ஆகவே ௸ வந்தால் மேலே போய், அது எதைக் குறிக்கிறது என்று உறுதி செய்த பிறகே கீழே இறங்க வேண்டும். எண்களில் ௧, ௨, ௩, ௪, ௭, ௮ முதலியவை முறையே க, உ, ங, ச, எ, அ போலத் தோன்றும். பத்து ௰, நூறு ௱. இடமதிப்புப்படி எழுதாமல் சொல்லும் வரிசையிலேயே எழுதியிருப்பார்கள் என்பதால், ௨௰௩ என்பது இருபத்து மூன்று, ௱௨௰௩ என்பது நூற்று இருபத்து மூன்று. கீழ்வாய் எனப்படும் பின்னங்களில் அரை, கால், அரைக்கால், வீசம் எனப்படும் மாகாணி ஆகியவை ஒருபுறமும், 20இல் ஒன்றான மா, 80இல் ஒன்றான காணி, 320இல் ஒன்றான முந்திரி ஆகியவை மறுபுறமும் வரும். ஒரு சம்சாரி வீட்டு ஏட்டுக்கு வீசம் வரை தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

தேதியை உறுதி செய்வது

ஆண்டு தெரியாமல் மற்ற எதையும் படிப்பதில் பயனில்லை என்பதால், இந்த வேலையில் மிகுந்த நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். ஏட்டில் பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுப் பெயர்களுள் ஒன்று இருக்கும். அதே பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். சார்வரி 1900, சாதாரண 1910, ஆனந்த 1914, ரௌத்திரி 1920, பிரபவ 1927 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கின என்பதை வைத்துக்கொண்டால், இடைப்பட்டவற்றைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம்.

தவறு நேரும் இடம் மார்கழி முதல் பங்குனி வரையிலான மாதங்கள். 'பிங்கள ௵ மார்கழி ௴ ௨௰ ௳' என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். பிங்கள ஆண்டு 1917 ஏப்ரலில் தொடங்கியது. மார்கழி டிசம்பர் நடுவில் பிறக்கும். எனவே மார்கழி 20 என்பது 1918 ஜனவரியின் முதல் வாரத்தில் விழும். தை, மாசி அறுவடைக் கணக்கை ஓர் ஆண்டு முந்தையதாக எழுதிவிடும் பிழை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. தீர்வை ரசீதோ பட்டாவோ உடன் இருந்தால் அதில் பசலி எனப்படும் நிலவரி ஆண்டு இருக்கும். ஜூலையில் தொடங்கும் பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். மேலே சொன்ன மார்கழி, பசலி 1327இல் அடங்கும். இரண்டும் பொருந்தினால் தேதி உறுதியாகிவிட்டது என்று கொள்ளலாம்.

பிங்கள என்றால் 1857ஆ 1917ஆ என்ற ஐயம் எழுந்தால், ஏட்டுக்குள்ளேயே விடை தேடுங்கள். முத்திரைத்தாளிலும் ரசீதில் ஒட்டிய ஸ்டாம்பிலும் விக்டோரியாவா, 1901க்குப் பிந்தைய ஏழாம் எட்வர்டா, 1910க்குப் பிந்தைய ஐந்தாம் ஜார்ஜா என்று பாருங்கள். மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது 1902இல். பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல். 'தனுஷ்கோடி ரயில் சார்ச்சு' என்ற செலவு வரி ஒன்று கிடைத்தால், அது பெரும்பாலும் 1914க்குப் பிந்தையதாகவே இருக்கும். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் துணியும் மண்ணெண்ணெயும் விலை ஏறியதையும் செலவுப் பக்கம் காட்டிக்கொடுக்கும்.

பணமும் அளவும்

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வரும்வரை இதுவே வழக்கு. 2-15-6 என்று எழுதியிருந்தால், அது 2 ரூபாய் 15 அணா 6 பை. நிறுத்தலில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வீசை ஏறத்தாழ 1.4 கிலோ. 2 மணங்கு 3 வீசைக் கருப்பட்டி, வீசை 2 அணா 6 பை விலைக்குப் போனதாக வைத்துக்கொண்டால், 19 வீசைக்கு 570 பை, அதாவது 2-15-6 வர வேண்டும். இப்படி ஒவ்வொரு பெருக்கலையும் நாமே போட்டுப் பார்ப்பது நல்லது. எழுதியவர் கணக்கில் பிசகுவது அரிது. தொகை ஒத்துவராவிட்டால் நாம் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்றே எடுத்துக்கொண்டு திரும்பப் பார்க்க வேண்டும்.

முகத்தலளவையில் 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்பது பொதுவாய்ப்பாடு. ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது. களத்து மரக்காலும் கடை மரக்காலும்கூட ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால் வாய்ப்பாட்டை அப்படியே நம்பாமல், ஏட்டின் 'ஆக' வரிகளைத் தேடுங்கள். 7 மரக்காலும் 9 மரக்காலும் சேர்ந்து 'ஆக கலம் 1 மரக்கால் 4' என்று இருந்தால், அந்த வீட்டில் கலத்துக்கு 12 மரக்கால் என்பது உறுதியாகிறது. அதே மரக்கால் நில அளவாகவும் வரும். 'மரக்கால் விரையடி' என்றால், அவ்வளவு விதை விதைக்கும் பரப்புள்ள நிலம் என்று பொருள். அதை நெல் வரவோடு கூட்டிவிடக் கூடாது. அளவின் பெயரைத் தெரிந்துகொண்டதும் கிலோவாக மாற்றத் துடிக்க வேண்டாம். நெல்லை நெல்லாகவே விட்டு, அதே மாதம் ஒரு வேட்டிக்கும் ஒரு படி உப்புக்கும் எவ்வளவு நெல் போயிற்று என்று பார்ப்பதே அந்தக் காலத்து விலைவாசியைச் சரியாகச் சொல்லும்.

பருவத்தோடு சேர்த்துப் படிப்பது

இந்தக் கரையின் வேளாண்மை வடகிழக்கு மழையையும் கண்மாயையும் நம்பியது. புழுதியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் எழுந்து, தை மாசியில் அறுப்பு நடக்கும். பங்குனிக்குப் பிறகு பனை பாளைவிட்டுப் பதநீர் இறங்க, கருப்பட்டி வரவு தொடங்கும். எனவே ஆவணி, புரட்டாசியில் விதைநெல் கடன், தை, மாசியில் நெல் வரவு, கோடையில் கருப்பட்டியும் ஓலையும், ஆடியில் கைமாற்று என்ற ஓட்டத்தை எதிர்பார்த்துப் படித்தால், மங்கிய சொற்களைக்கூட ஊகிக்க முடியும். மாசியில் நெல் வரவே இல்லாமல் பனையும் கருவாட்டு வியாபாரமும் மட்டும் இருந்தால், அந்த ஆண்டு கண்மாய் பெருகவில்லை என்று கருதலாம். அந்த ஆண்டின் கடன் பக்கத்தை அதோடு சேர்த்துப் பாருங்கள்.

அறுவடைக் கணக்கில் முழு விளைச்சலும் வீட்டுக்கு வந்ததாக எண்ண வேண்டாம். சேதுபதி ஜமீன் நிலங்களில் வாரமுறை இருந்த இடங்களில், களத்திலேயே மேல்வாரம் ஜமீனுக்கும் குடிவாரம் உழுதவருக்கும் பிரியும். கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர், மடை திறந்துவிடும் நீர்பாய்ச்சி ஆகியோருக்குரிய மேரையும், அதாவது ஊழியத்துக்கான நெல் பங்கும், அந்தக் களத்திலேயே அளக்கப்படும். அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். ஆகவே ஒரு வரிசையின் தலையில் 'லாபம்' என்று இருந்தால், அதை ஆதாயத் தொகை என்று படித்துவிடாதீர்கள். கூலி வரிகளில் பெண்கள் 'இன்னார் பெண்சாதி', 'இன்னார் மகள்' என்றே குறிக்கப்பட்டிருப்பார்கள். அந்த வரிகளைத் தனித்தாளில் எடுத்தெழுதி, எத்தனை நாள் நாற்றுப் பறித்தார்கள், களை எடுத்தார்கள், எவ்வளவு நெல் பெற்றார்கள் என்று கூட்டிப் பாருங்கள். அந்த வயலை உண்மையில் யார் விளைவித்தார்கள் என்பது அந்தக் கூட்டலில் தெரியும்.

கடன் பக்கம்

கைமாற்று என்பது வட்டியில்லாத சில்லறைக் கடன். பிரோநோட்டுக் கடனில் வட்டி 'நூற்றுக்கு மாதம்' என்று எழுதப்பட்டிருக்கும். 150 ரூபாய்க்கு, நூற்றுக்கு மாதம் 12 அணா வீதம் மாத வட்டி 1-2-0. எட்டு மாதத்துக்கு 9 ரூபாய். ஒற்றி என்றால் வட்டிக்குப் பதிலாக நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார்; அசலைத் திருப்பும்வரை நிலம் அவர் கையில் இருக்கும். கடன் வரியின் மேல் குறுக்குக் கோடு இருந்தால் அது தீர்ந்த கடன். கோடு இல்லாமல் அடுத்த ஆண்டுக்கு 'பாக்கி' என்று நகர்ந்திருந்தால், அது எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்து போங்கள். ஒற்றி கிரயமாக மாறிய இடம் கிடைத்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திர நகலுக்கு மனுச் செய்து ஒப்பிடலாம்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கடன்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் வாழ்கிறார்கள். படித்ததை இணையத்தில் ஏற்றும்போது கடன்பட்டோர் பெயரையும், சாதி குறித்து எழுதிய இழிசொற்களையும் பொதுப்பார்வைக்கு வைக்காதீர்கள். மூலப் படியில் அவற்றை அழிக்கவும் வேண்டாம்.

படிக்கும்போது மூன்று பத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்: ஏட்டில் உள்ளபடி, நாம் படித்தபடி, ஐயம். ஊகித்த சொல்லை இரண்டாம் பத்தியில் எழுதினால், மூன்றாம் பத்தியில் ஏன் அப்படி ஊகித்தோம் என்று குறித்துவிடுங்கள். களத்தில் நின்று அளந்த முதியவர்கள் ஊரில் இருக்கும்போதே அந்த மூன்றாம் பத்தியை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். படங்களையும் எழுத்துப்படியையும் வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வைத்து, ஏட்டைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்துக் காற்றாட விடுங்கள்.