பால்கனியில் காற்று அதிகமா? தொட்டிச் செடிக்கு இதைச் செய்யுங்கள்
மாடி உயர உயரக் காற்றும் கூடும், அது இலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தொட்டி மண்ணும் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் காலையில் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் சாயங்காலம் விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உலர்ந்திருந்தால் மறுபடியும் ஊற்றுங்கள். மேலே சருகு மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும். காற்றைத் தடுக்கிறேன் என்று பலகை வைத்து அடைக்காதீர்கள், காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் சுழன்று இறங்கும். பாதிக் காற்றை உள்ளே விடுகிற வலைதான் நல்லது. தக்காளியில் குட்டை ரகமாகப் பார்த்து வையுங்கள். தண்டையும் குச்சியையும் 8 வடிவில் தளர்வாகக் கட்டுங்கள், இறுக்கினால் செடி ஆடும்போது கயிறு தண்டை அறுத்துவிடும். அப்புறம், கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வேண்டவே வேண்டாம், கீழே ஆள் நடக்கிற இடம்.