வீங்கிய லாக் கோப்பு: என் அனுபவம்
எங்கள் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளத்தில், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் லாக் கோப்பு தரவுக் கோப்பைவிடப் பெருத்து, வட்டு நிரம்பிவிட்டது. இரவுதோறும் முழு பேக்கப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் லாக் பேக்கப் எடுக்கும்வரை எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்கும் ஃபுல் ரிக்கவரி முறையில் லாக்கைக் காலி செய்வது லாக் பேக்கப் மட்டுமே. முழு பேக்கப் அதைத் தொடுவதில்லை. வேறொரு வட்டுக்கு லாக் பேக்கப் எடுத்தேன். உள்ளே இடம் விடுபட்டது, கோப்பின் அளவோ குறையவில்லை. கோப்பைச் சுருக்கும் ஷ்ரிங்க்ஃபைல் கட்டளைக்கும் அசையவில்லை. காரணம், லாக்கில் இன்னும் செயலில் உள்ள, நீக்க முடியாத பகுதி கோப்பின் கடைசியில் உட்கார்ந்திருந்தது. மறுபடி லாக் பேக்கப் எடுத்த பிறகே சுருங்கியது.

லாக்கைத் தானாகவே காலி செய்துகொள்ளும் சிம்பிள் முறைக்கு மாற்றிவிடலாம் என்றார் சக ஊழியர். விபத்து நேர்ந்தால் குறிப்பிட்ட நொடிவரை மீட்கும் வசதி போய்விடுமே! மறுத்துவிட்டேன். இப்போது 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப். லாக் கோப்பு நிரம்பும்போது தானாக வளர்வதும் சதவீதத்தில் அல்ல, 512 எம்பி என்ற நிலையான அளவில்.