உள்ளுக்குள் புழுங்கும் சுபாவமும் இதய நோயும்: கவனிக்க வேண்டியவை

மாரடைப்புக்குப் பிறகோ ஸ்டென்ட் வைத்த பிறகோ வீடு திரும்புகிறவர், இரத்த அழுத்தத்தோடும் கொழுப்போடும் தம் சுபாவத்தையும் ஒருமுறை கவனித்துக்கொள்வது நல்லது. அவசரமும் போட்டி மனப்பான்மையும் கொண்ட ‘ஏ வகை’ மனிதர்களை 1959இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஃப்ரீட்மனும் ரோசன்மனும் சுட்டிக்காட்டினர். இன்று அதிகம் பேசப்படுவது ‘டி வகை’. ஓயாத கவலையும், அதை எவரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்திருந்தால்தான் அது டி வகை. கவலைப்பட்டாலும் வாய்விட்டுப் புலம்பிவிடுகிறவர் இதில் சேரமாட்டார்.

யோஹான் டெனோலெட் என்னும் உளவியலாளர் பெல்ஜியத்தில் 303 இதய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், டி வகையினருள் 27 விழுக்காட்டினரும் மற்றவர்களுள் 7 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். பின்னர் வந்த சில ஆய்வுகளில் இத்தொடர்பு தென்படவில்லை. எனவே இதைத் தலைவிதியாக எண்ண வேண்டியதில்லை.

டெனோலெட் 2005இல் வகுத்த வினாப்பட்டியலில் கவலைக்கு ஏழு, அதை வெளியே சொல்லவிடாத கூச்சத்துக்கு ஏழு என 14 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, இரு பகுதிகளிலும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டி வகை என்பர். தாமே கணக்கிட்டுப் பதறாமல், உளவியலாளரிடம் காட்டுவதே முறை.

என் கருத்தில், சுபாவத்தை மாற்றப் போராடுவதைவிட அது சிகிச்சையில் இடறும் இடத்தைச் சரிசெய்வதே எளிது. இத்தகையவர் மருத்துவர் கேட்டதும் “பரவாயில்லை” என்று சொல்லி எழுந்துவிடுவார். படியேறும்போது மூச்சு வாங்குவதும், தலைசுற்றலால் ஒரு மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டதும் சொல்லப்படாமலே போகும். ஆகவே முதல்நாள் இரவே இவற்றைத் தாளில் எழுதிவைத்து, மறுநாள் அதை மருத்துவரிடம் அப்படியே நீட்டிவிடலாம்; பேசுவதற்குக் கூசுகிறவருக்கு எழுத்து கைகொடுக்கும். உடன் செல்பவர் விடுபட்டதை நினைவூட்டலாமே தவிர, நோயாளிக்குப் பதிலாகத் தாமே பேசிவிடக் கூடாது.

மருத்துவமனையில் இதய மறுவாழ்வுப் பயிற்சி இருந்தால் சேர்வது நல்லது. இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றியோ மனம் சோர்ந்தோ இருந்தால், அது சுபாவம் அன்று, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம்.

நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் “யாரையும் எழுப்ப வேண்டாம்” என்று விடியும்வரை பொறுத்துக்கொள்வதுதான் இச்சுபாவத்தின் பெரிய ஆபத்து. வலி வந்தால் நோயாளியின் சம்மதத்துக்குக் காத்திராமல் ஆம்புலன்ஸை அழைப்பது என்று வீட்டாரோடு இன்றே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.