மேட்டூர் திறக்கும் தேதியை வைத்து ஒரு கணக்கு: சிதைந்த பரவல், சிதையாத பரவல்

புள்ளியியல் பாடத்தில் 'டிஜெனரேட்' என்று வருகிற சிதைந்த பரவலைப் பலரும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரே மதிப்பு, நிகழ்தகவு 1, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று. கணக்குப் போட உட்காரும்போதுதான் அது வேலையைக் காட்டும். பத்தாம் வகுப்புச் சராசரியும் திட்ட விலக்கமும் தெரிந்தால் போதும். தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மாறாத ஒன்று

ஒரு வேலி நிலத்தில் எத்தனை மா (இரண்டும் பழைய நில அளவுகள்)? தஞ்சாவூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் 20 என்பார்கள். இதையும் ஒரு சமவாய்ப்பு மாறியாக (எந்த மதிப்பு எவ்வளவு நிகழ்தகவில் வரும் என்று சொல்லும் அளவாக) எழுதலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. 20 வருவதற்கு நிகழ்தகவு 1, மற்ற எதற்கும் 0. சராசரி 20. விலக்க வர்க்கச் சராசரி (இனி மாறுபாடு என்கிறேன்) 0. குவிவுப் பரவல் சார்பை, அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் 'அதுவோ அதற்குக் கீழோ' வரும் நிகழ்தகவை, வரைந்தால், கோடு 20 வரும்வரை தரையோடு கிடக்கும். 20-ல் ஒரே தாவாக 1-க்கு ஏறி அங்கேயே நின்றுவிடும். இதுதான் சிதைந்த பரவல்.

மாறுபாடு 0-க்கு மேல் துளி இருந்தாலும் சிதையாத பரவல். 0.0001 என்றாலும் அப்படித்தான்.

படி 2: மாறாதது போலத் தெரிவது

குறுவைக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. உண்மையில் திறந்த நாள் அதிலிருந்து எத்தனை நாள் தள்ளி என்று எழுதுவோம். முன்கூட்டித் திறந்திருந்தால் கழித்தல் குறி.

2020: 0
2021: 0
2022: −19 (மே 24)
2023: 0
2024: 46 (ஜூலை 28)
2025: 0

மொத்தம் 27. ஆறால் வகுத்தால் சராசரி 4.5. அடுத்து வர்க்கங்கள்: 361-உம் 2116-உம் சேர்ந்து 2477, ஆறால் வகுத்தால் 412.83. அதில் சராசரியின் வர்க்கமான 20.25-ஐக் கழித்தால் மாறுபாடு சுமார் 392.6. வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 20 நாள்.

ஆறில் நான்கு 0, இருந்தும் இது சிதையாத பரவல். 'பெரும்பாலும் ஜூன் 12' என்பது போதாது; நிகழ்தகவு முழுதாக 1 இருக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். 2020, 2021 இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மாறுபாடு 0 என்றே வரும். கையில் உள்ள தரவு சிதறவில்லை என்பதால் அதன் பின்னால் இருக்கும் பரவலும் சிதைந்தது என்று சொல்லிவிட முடியாது. நாற்றங்கால் விடும் தேதியை இதை நம்பி முடிவு செய்கிறவருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

படி 3: சராசரியை மட்டும் போட்டால்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம் (மழை பிடித்த ஆண்டுகளில் தளர்த்தியதும் உண்டு). ஒரு பேச்சுக்கு, களத்தில் கிடக்கும் மூட்டைகளில் கால்வாசி 14 சதவீதம், பாதி 16, மீதிக் கால்வாசி 18 என்று வைப்போம். சராசரி 16, மாறுபாடு 2.

"சராசரி 16தானே" என்று எல்லா மூட்டைக்கும் 16 என்றே எழுதினால், நீங்களே ஒரு சிதைந்த பரவலை உண்டாக்கிவிட்டீர்கள். அதன்படி வரம்பைத் தாண்டும் நிகழ்தகவு 0. உண்மையில் அது 0.25, நான்கில் ஒரு மூட்டை. இரண்டிலும் சராசரி ஒன்றுதான். திட்டமிடும்போது நாம் அதிகம் செய்யும் தவறு இதுவே என்று நினைக்கிறேன்.

இப்படி எல்லாம் 16 என்று இருக்கும் நெடுவரிசைக்கு இன்னொரு நெடுவரிசையோடு எக்செல்லில் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண், correlation) கேட்டுப் பாருங்கள், பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும். திட்ட விலக்கம் 0, அதனால் வகுக்க முடியாது.

படி 4: தனியாக நல்லது, சேர்ந்தால் சிதைந்தது

இதுதான் கொஞ்சம் நுணுக்கமான இடம். ஒரு வேலியில் கு மா குறுவை, மீதி ச மா ஒருபோகச் சம்பா. தண்ணீரைப் பொறுத்து ஆண்டுக்காண்டு கு மாறும், ச-வும் மாறும். தனித்தனியே இரண்டும் சிதையாத பரவல்கள். ஆனால் கு + ச = 20. கு தெரிந்தால் ச தெரிந்துவிடும். வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழும், தளத்தில் பரவாது. இரண்டு மாறிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, தளத்தில் பரவாமல் ஒரு கோட்டுக்குள் சுருங்கிவிட்டாலே சிதைந்ததுதான். ஆகவே இந்தச் சோடியின் கூட்டுப் பரவல் சிதைந்தது.

சரிபார்ப்பது எளிது. கு-வின் மாறுபாடு வி என்றால் ச-வின் மாறுபாடும் வி, இரண்டின் உடன்மாறுபாடு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு, covariance) −வி. இவற்றை 2×2 அணியாக எழுதி அணிக்கோவை (determinant) கண்டால் வி×வி − (−வி)×(−வி) = 0. அணிக்கோவை 0 என்றால் நேர்மாறு அணி கிடையாது. ஒன்றை வைத்து மற்றொன்றை மதிப்பிடும் தொடர்புப் போக்குக் (regression) கணக்கில் மென்பொருள் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். ச நெடுவரிசையை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

சில ஆண்டுகளில் கொஞ்சம் தரிசாகவும் கிடக்கிறது, அந்த அளவும் அதன் போக்கில் மாறுகிறது என்றால்? அப்போது கு-வை வைத்து ச-வைச் சொல்ல முடியாது, அந்தச் சோடி சிதையாததாகிவிடும். ஆனால் தரிசையும் மூன்றாவது நெடுவரிசையாகச் சேர்த்தால் மொத்தம் மறுபடி 20. மூன்றும் சேர்ந்து சிதைந்த பரவல், ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்.