செத்த பேட்டரியும் வெள்ளை டயலும்: ஜெர்மன் குவார்ட்ஸ் வாட்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பேட்டரிதான் போச்சுண்ணா, வேற ஒண்ணுமில்ல. மாத்தினா ஓடிடும்" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்து காட்டினான், வாட்ச் பைத்தியம் புதிதாகப் பிடித்த ஒரு தம்பி. வெள்ளை டயல், குச்சி மாதிரி இரண்டு முள், மெல்லிய கறுப்புத் தோல் ஸ்ட்ராப். ஒரு கீறல் இல்லை. எப்போது நின்றது என்று கேட்டேன். "போன வருஷம் எப்பவோ." எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இதே பதிலை இதே அலட்சியத்தோடு நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே போடாதே, கட்டிக்கொண்டு நீச்சலடிக்காதே என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

டயலில் "பௌஹவுஸ்" என்று இருந்தால் மயங்குவது

பௌஹவுஸ் என்பது கம்பெனி அல்ல, ஜெர்மனியில் இருந்த ஒரு வடிவமைப்புப் பள்ளி. 1919இல் வைமரில் தொடங்கி, டெசாவுக்கும் பெர்லினுக்கும் இடம் மாறி, 1933இல் மூடப்பட்டது. மாக்ஸ் பில் அங்கே படித்தவர். யுங்ஹான்ஸ் என்ற ஜெர்மன் கடிகார நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த கைக்கடிகாரங்கள் 1961இல்தான் வந்தன. அந்த உறவுக்குப் பொருள் உண்டு. மற்றபடி யார் வேண்டுமானாலும் வெள்ளை டயலில் மெல்லிய கோடு போட்டு அந்தப் பெயரை அச்சடிக்கலாம், அச்சடிக்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டு டயலைப் பாருங்கள். எண்களுக்கு நடுவே இடைவெளி சீராக இருக்கிறதா, நிமிட முள் நிமிடக் கோட்டைத் தொடுகிறதா, அச்சின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா? வேறு எதுவும் இல்லாத டயலில் இந்த மூன்றும்தான் அழகு.

மெஷினும் ஜெர்மன் என்று நம்புவது

பெரும்பாலும் இல்லை. இந்த மாதிரி குவார்ட்ஸ் வாட்சுக்குள்ளே ஓடுவது சுவிட்சர்லாந்தின் ரோண்டா கம்பெனி மெஷினாகவோ ஜப்பானின் மியோட்டா கம்பெனி மெஷினாகவோ இருக்கும். அது குறையே அல்ல. நாளைக்கு மெஷின் போனால் அதே எண்ணில் இன்னொன்று கிடைக்கும் என்பது பெரிய வரம்.

அளவை எண்ணாக மட்டும் பார்ப்பது

டயலைச் சுற்றிப் பட்டையான வளையம் இல்லாததால் 38 மில்லிமீட்டர் கையில் 40 போலத் தெரியும். கட்டிப் பார்த்து வாங்குங்கள்.

செத்த பேட்டரியை உள்ளேயே விட்டுவைப்பது

இப்போது அந்தத் தம்பியின் கதைக்கு வருகிறேன். உண்மையில் அது என் கதை.

குவார்ட்ஸ் வாட்சுக்குள் ஒரு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சர்க்யூட் அதைப் பாதி பாதியாகப் பதினைந்து முறை வகுத்து விநாடிக்கு ஒரு துடிப்பாக்குகிறது. அந்தத் துடிப்பு ஒரு காயிலுக்குப் போகிறது, காயில் குட்டி மோட்டாரை ஒரு படி நகர்த்துகிறது. அந்தக் காயிலில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. பேட்டரி உட்கார்ந்திருப்பதோ அதற்குப் பக்கத்து வீட்டில்.

பேட்டரிக்குள் இருப்பது காரம். தீர்ந்துபோன பேட்டரி மாதக்கணக்கில் கிடந்தால் அதன் ஓரத்து அடைப்பு வழியாகக் காரம் கசியத் தொடங்கும். எல்லா பேட்டரியும் கசியாது, கசிவது எது என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. கசிந்தால் வெள்ளையாகப் பூக்கும், செம்பும் பித்தளையும் இருக்கும் இடத்தில் பச்சையாகும். சர்க்யூட்டின் தகட்டை அரிக்கும். காயில் கம்பி ஓரிடத்தில் அறுந்தால் போதும், கதை முடிந்தது.

எனக்கு இரண்டு முள் மாடல்தான் பிடிக்கும். அங்கேதான் வினை. விநாடி முள் உள்ள சில மெஷின்களில் பேட்டரி தீரப்போகும்போது முள் நான்கு விநாடிக்கு ஒருமுறை தாவித் தாவி ஓடும், அது எச்சரிக்கை. விநாடி முள்ளே இல்லாத வாட்ச் எப்படி எச்சரிக்கும்? ஓடுகிறதா நிற்கிறதா என்பதே பார்த்தவுடன் தெரியாது. நின்றுபோன வாட்சைக் கட்டிக்கொண்டு ஒரு முழுப் பகல் திரிந்துவிட்டு, மாலையில்தான் இன்னும் பத்தேகாலா என்று விழித்தவன் நான். அன்றைக்கே பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். நேரம் திருப்பும் கீயை வெளியே இழுத்து, வாட்சைப் பெட்டியில் போட்டு, இழுப்பறையை மூடினேன். கீயை இழுத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பினேன்.

கீயை இழுத்தால் மோட்டாருக்குப் போகும் துடிப்பு நிற்கும், பேட்டரியின் செலவு குறையும். கசிவு நிற்காது. போதாக்குறைக்கு கீ வெளியே நிற்கும்போது ஈரமும் தூசியும் உள்ளே போகும் வழியைத் திறந்துவைத்தது போலாகும்.

ஒன்றரை வருடம் கழித்துத் திறந்தபோது பேட்டரியின் விளிம்பில் உப்புப் பூத்தது போல ஒரு வெள்ளை வளையம். அதிலிருந்து ஒரு பச்சைக் கோடு காயில் வரைக்கும் ஊர்ந்திருந்தது. புதுப் பேட்டரி போட்டோம், அசையவில்லை. மெஷினையே மாற்ற வேண்டும் என்றார் ரிப்பேர் செய்பவர். வாட்ச் விலையில் ஏறக்குறைய பாதி போனது. அதையாவது மறக்கலாம். மெஷினை மாற்ற முள்ளைக் கழற்ற வேண்டும், முள்ளைக் கழற்றக் கருவி டயலுக்குள் போக வேண்டும். ஏழு மணிக் கோட்டுக்குப் பக்கத்தில் அவர் கை ஒரு நொடி வழுக்கியது. எண்ணும் கட்டமும் நிறைந்த டயலில் அந்தக் கீறலை யாரும் கவனிக்க மாட்டார்கள். வெறும் வெள்ளை டயலில் மணி பார்க்கும்போதெல்லாம் கண் நேராக அங்கேதான் போகிறது. இன்றுவரைக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நின்ற வாரத்திலேயே பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். உடனே புதிது போட முடியாவிட்டாலும் சரி, காலியாக இருக்கட்டும். நீண்ட நாள் கட்டப்போவதில்லை என்றாலும் அப்படியே. புதிது போடும்போது சில்வர் ஆக்சைடு வகை போடுங்கள். 1.55 வோல்ட்டைக் கிட்டத்தட்ட கடைசிவரை விடாமல் தரும். அதே அளவில் வரும் மலிவான ஆல்கலைனில் வோல்ட் படிப்படியாக இறங்கும், கசியும் வாய்ப்பும் அதிகம். எண்ணையும் பாருங்கள். 377, 376 இரண்டும் ஒரே அளவுதான்: 6.8 மில்லிமீட்டர் அகலம், 2.6 உயரம். 377 முள் வாட்சுக்கு. 376 அதிக மின்சாரம் கேட்கும் வகைக்கு. உங்கள் வாட்சுக்கு எது என்பது பெரும்பாலும் மெஷின் மேலேயே எழுதியிருக்கும்.

தம்பியின் வாட்ச் என்னவாயிற்று என்றால், திறந்தோம், கசியவில்லை. புதுப் பேட்டரியில் ஓடிவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் எரிச்சலும்கூட.

பின்மூடியை எப்படியாவது அழுத்தி மூடுவது

பேட்டரி மாற்றும்போது நடக்கும் அடுத்த விபத்து இது. பின்மூடி 'டக்'கென்று உட்காரும் வகையாக இருந்தால், திறக்க ஒரு கத்தி போதும், மூடக் கட்டைவிரல் போதாது. உடனே அழுத்தும் கருவியில் வைத்து இறுக்குவார்கள். மாக்ஸ் பில் பாணியில் மேடாக வளைந்த பிளெக்ஸி கண்ணாடி (உண்மையில் பிளாஸ்டிக்) இருந்தால் முழு அழுத்தமும் அந்த மேட்டின் உச்சியில் விழும், விரிசல் விடும். கண்ணாடியைத் தொடாமல் கேஸின் விளிம்பை மட்டும் தாங்கும் வளையம் வைத்துத்தான் அழுத்த வேண்டும். அந்த வளையம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாட்சைக் கொடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பிளெக்ஸியைக் கண்டபடி தேய்ப்பது

சாதாரண பிளெக்ஸியில் விழும் சின்னக் கீறல் பாலிஷ் பசையில் போய்விடும். யுங்ஹான்ஸ் மாக்ஸ் பில் போன்றவற்றில் கண்ணாடி மேல் கீறல் தாங்கும் பூச்சு உண்டு. தேய்த்தால் முதலில் போவது அதுதான்.

விநாடி முள் கோட்டில் விழவில்லை என்று புலம்புவது

பற்சக்கரங்களுக்கு நடுவே கொஞ்சம் இடம் இருந்தே தீரும். விநாடி முள் கோட்டுக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ விழுந்தால் விட்டுவிடுங்கள். நிமிட முள்ளைச் சரியாக நிறுத்த மட்டும் ஒரு வழி உண்டு. விநாடி முள் பன்னிரண்டில் வரும்போது கீயை இழுங்கள், நிமிட முள்ளை நான்கைந்து நிமிடம் தாண்டிக் கொண்டுபோய், மெதுவாகத் திருப்பிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு கீயை உள்ளே தள்ளுங்கள்.

ராத்திரியில் தேதி மாற்றுவது

ஒன்பது மணிக்கு மேல் ஒரு மணி வரை தேதிச் சக்கரத்தில் கை வைக்காதீர்கள்.

காந்தத்தின் பக்கத்தில் வைப்பது

நின்றால் பதறாதீர்கள். விலக்கி வைத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். நேரத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.