முசிறி வணிகம்: எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பழைய சேரநாட்டுத் துறைமுகமான முசிறி ரோமோடு நடத்திய வணிகத்தைப் பற்றி எழுதுகிறீர்களா? ‘கிரேக்க மாலுமி ஹிப்பாலஸ் பருவக்காற்றைக் கண்டுபிடித்தார்’ என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். அவருக்கு முன்பே அரபுக் கடலோடிகளும் இந்தியக் கடலோடிகளும் அந்தக் காற்றில் பாய் விரித்திருந்தார்கள். எகிப்திலிருந்து வந்த கிரேக்க மாலுமிகள்தாம் அதைப் பிற்பாடு கற்றுக்கொண்டார்கள்.

ரோமக் கப்பல் வந்தது, சேரநாட்டு மிளகை ஏற்றியது, போயிற்று என்று முடித்துக்கொள்வது அடுத்த தவறு. வியன்னாவில் உள்ள கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல்தாள்) ஆவணம் ஒன்றைப் பாருங்கள். அதன் ஒருபக்கம் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ‘ஹெர்மபொல்லோன்’ என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. அந்தச் சரக்கில் யானைத் தந்தம் இருக்கிறது, கங்கைப் பகுதியின் நறுமண வேரான சடாமாஞ்சில் இருக்கிறது. வடக்கே விளைந்த பொருள் முசிறிக்கு வந்து கப்பலேறியிருக்கிறது என்றால், அது உள்ளூர் விளைச்சலை மட்டும் விற்ற சந்தை அல்ல. பல திசைச் சரக்கும் கைமாறிய துறைமுகம். பயணமும் செங்கடலோடு முடிந்துவிடவில்லை. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் இறக்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து நைல் கரையின் கொப்டோஸுக்குப் போகும். ரோம எழுத்தாளர் பிளினியின் கணக்கில் அதற்குப் பன்னிரண்டு நாள். பிறகு ஆற்றுவழியாக அலெக்சாந்திரியா. அரசின் சுங்கம் நாலில் ஒரு பங்கு! கடன் கொடுத்தவர், ஒட்டகக்காரர், சுங்க அதிகாரி ஆகியோரை விட்டுவிட்டு எழுதினால் அது பாதிக் கதைதான்.

புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டை ‘ரோமக் குடியிருப்பு’ என்பதும் வேண்டாம். 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ரோமத் தொடர்பே பெரிதாகத் தெரிந்தது. பின்னர் விமலா பெக்லி நடத்திய ஆய்வு, ரோமச் சரக்கு வருமுன்பே அங்கே ஊர் இருந்ததைக் காட்டியது. நம் பக்கத்துத் தவறு இதற்கு நேரெதிரானது. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசேர் அல்-கதீமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்ப் பிராமியில் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. தமிழர் அங்கே இருந்ததற்கு அவை நல்ல சான்று. செங்கடலையே தமிழர் ஆண்டார்கள் என்று அதை வைத்து முழங்குவது அசட்டுத்தனம்.

காசுகளிலும் கவனம் தேவை. கோவை வட்டாரப் புதையல்களில் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகியோரின் காசுகள் மிகுதி. கி.பி. 64-இல் பேரரசர் நீரோ வெள்ளிக் காசின் தரத்தைக் குறைத்தபின், பழைய நல்ல காசுகளையே இங்குள்ளவர்கள் கேட்டு வாங்கியிருக்கலாம். ஆகவே காசில் உள்ள முகத்தை வைத்து அது வந்துசேர்ந்த ஆண்டைச் சொல்லிவிட முடியாது. ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமக் காசு) இந்தியாவுக்குப் போகிறது என்ற பிளினியின் வரியையும் அரசுக் கணக்கேடுபோல எடுத்தாள வேண்டாம். அது ஆடம்பரத்தின் மேல் எரிச்சல்கொண்ட ஒருவரின் புலம்பல்.

எல்லாவற்றையும்விட அலுப்பூட்டுவது, 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் ரோம வணிகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது என்பது. முசிறியாக இருக்கலாம் என்று பலரும் கருதும், கேரளத்தின் ‘பட்டணம்’ என்ற ஊரில் கிடைத்த ரோமத் தொடர்புப் பொருள்கள் ஏறக்குறைய கி.மு. 1-ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 4-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. மேற்குத் தொடர்பு மங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து வந்த வெள்ளம் அதை எப்படி முடித்திருக்கும்? அந்த வெள்ளத்தைக் கொச்சித் துறைமுகத்தின் வரலாற்றில் வையுங்கள், பொருந்தும்.