உறைபனியில் ஒரு பிளேஆஃப் இரவு: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்தைக் கையில் எடுத்து ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் 2024-இல் 12 அணிகளாக விரிந்தது. முதல் சுற்று ஆட்டங்கள் கல்லூரிகளின் சொந்த மைதானங்களுக்கே வந்ததும் அந்த ஆண்டில்தான். அதுவரை பிளேஆஃப் என்றால் வெயில் அடிக்கும் ஊர், இல்லாவிட்டால் கூரை போட்ட அரங்கம். அந்த டிசம்பர் 21-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு, ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், உறைநிலைக்கும் கீழான குளிரில் அந்த ஊர்ப் பல்கலைக்கழக அணியான ஒகையோ ஸ்டேட், தெற்கிலிருந்து வந்த டென்னஸி பல்கலைக்கழக அணியைச் சந்தித்தது. 42-17 என்று வென்றது. இப்படி ஒரு ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்தவர்கள் உற்சாகத்தில் செய்துவிடும் சில தவறுகளைச் சொல்ல வேண்டும். கடைசிக் கால்பகுதியில் உங்கள் குரல் மைதானத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பெரும்பாலானவர்கள் நடப்பதற்கு ஏற்றபடி உடுத்திக்கொண்டு வருகிறார்கள். காரிலிருந்து இறங்கி விறுவிறுவென்று நடக்கும்போது அந்த ஜாக்கெட் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும். நீங்கள் நிற்பதோ ஒரே இடத்தில். அசையாத உடம்பு அவ்வளவாகச் சூட்டை உண்டாக்காது. இன்னொன்று, குளிர் காலடியிலிருந்துதான் ஏறும். கீழே கான்கிரீட், உட்கார்ந்தால் அலுமினியப் பலகை. இரண்டும் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காலுக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள், உட்கார ஒரு மெத்தைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த கோட்டைவிட இது பலன் தரும். எதை உள்ளே கொண்டுபோகலாம் என்று மைதானத்தின் விதிகளை முந்தின நாளே பார்த்துவிடுவது நல்லது. பல இடங்களில் பை கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும், குடைக்கு அனுமதி இல்லை. மழைக்கோட்டுதான் வழி.

காலுறை விஷயத்திலும் இதே கதைதான். மூன்று ஜோடியை இறுக்கமான ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். கம்பளியில் ஒரு ஜோடி, விரல் அசைய இடம் உள்ள பூட்ஸ், அது போதும். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வேர்வையோ பனியோ பட்டு நனைந்தால் உடம்புச் சூட்டைத் தக்கவைக்காது, சீக்கிரம் காயவும் காயாது. அணியின் ஜெர்சியைக் கோட்டுக்கு மேலே போடுங்கள். அதற்காகவே ஒரு அளவு பெரிதாக வாங்குபவர்கள் உண்டு.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஆட்டத்துக்கு முன் வாகன நிறுத்தத்தில் சமைத்துச் சாப்பிட்டுக் கொண்டாடும் டெயில்கேட்டில், காற்று அடிக்கிறதே என்று கூடாரத்தின் நாலு பக்கமும் மூடிவிட்டு, உள்ளே கரி அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ வைக்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று தெரிவதற்குள் நேரம் கடந்திருக்கும். மதுவும் ஏமாற்றும். தோலுக்கு ரத்தம் ஓடுவதால் சூடாகத் தோன்றும். உண்மையில் உடம்பு உள்ளே இருக்கும் சூட்டை இழந்துகொண்டிருக்கும். விரலோ காது மடலோ வெளுத்து உணர்வற்றுப் போனால் தேய்க்காதீர்கள். உள்ளே போய் மெதுவாகச் சூடேற்றுங்கள், முதலுதவி நிலையத்தில் காட்டுங்கள்.

டிக்கெட் இப்போது போனில்தான். குளிரில் பேட்டரி சட்டென்று செத்துவிடும், அதனால் போனைக் கோட்டின் உள்பையில் வையுங்கள்.

சரி, இனி ஆட்டம். “வானிலை நம்ம பக்கம், ஜெயிச்ச மாதிரிதான்” என்ற நினைப்பு வடக்கு ரசிகர்களிடம் நிறைய உண்டு. 1950 நவம்பர் 25-ஆம் தேதி இதே கொலம்பஸ் மைதானத்தில் பனிப்புயலில் என்ன நடந்தது? பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு முயற்சிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்; அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் ‘முதல் டவுன்’, மறுபடி நாலு முயற்சி. எதிரணியான மிச்சிகன் ஒரு முதல் டவுன்கூட எடுக்கவில்லை, பந்தை 24 முறை பன்ட் உதைத்தது, அதாவது எதிரணியிடமே தூரமாக உதைத்துக் கொடுத்தது. ஆனாலும் 9-3 என்று வென்றது. முதல் பாதி முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது ஒகையோ ஸ்டேட், வழக்கமாக நாலாவதில் செய்வதுபோல் காத்திராமல், மூன்றாம் டவுனிலேயே பன்ட் உதைக்கப் போனது. அதைத் தடுத்து, கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கைப்பற்றி மிச்சிகன் ஆறு புள்ளி தரும் டச்டவுன் ஆக்கியது. சில வாரங்களுக்குள் ஒகையோ ஸ்டேட்டின் பயிற்சியாளர் வெஸ் ஃபெஸ்லர் விலகினார். பனி ஊர் பார்ப்பதில்லை.

ஊர் பார்ப்பது கூட்டத்தின் சத்தம். ஆனால் நம் அணியிடம் பந்து இருக்கும்போதும் கத்திக்கொண்டிருந்தால் ஆட்டத்தை நடத்தும் நம் குவார்ட்டர்பேக் சொல்வது நம் ஆட்களுக்கே கேட்காது. எதிரணி மூன்றாம் டவுனில் நிற்கும்போது எழுப்புங்கள், முழுத் தொண்டையோடு. அப்புறம், கனமான கையுறையோடு தட்டினால் சத்தமே வராது. அந்த இரவில் குரல்தான் ஆயுதம். அதனால் மதியம் டெயில்கேட்டிலேயே தொண்டையைக் கட்டவைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் காரை எடுப்பார்கள். நள்ளிரவு நெருங்கியிருக்கும். அந்த மைதானத்தை ஒட்டியே ஒலன்டாஞ்சி ஆறு ஓடுகிறது, பலருக்குப் பாலம் தாண்டித்தான் வீடு. பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று ஓடுவதால் சாலை நன்றாக இருக்கும்போதே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் கட்டியிருக்கும். பாலம் ஏறுமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஏறியபின் பிரேக்கை அழுத்தாதீர்கள்.